ஐந்தே கால் விகலைப் பிழை

சென்னைக் கடற்கரையில், அலை வந்து காலை நனைக்கும் இடத்தில், தரமான ஜி.பி.எஸ். கருவி ஒன்றை நிறுத்தி, அது கணக்கிடும் உயரத்தை எந்தத் திருத்தமும் செய்யாமல் அப்படியே வாசித்தால், பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ 90 மீட்டர் என்று வரும். கருவியில் பழுதில்லை. நாமும் கடலுக்குள் மூழ்கிவிடவில்லை. கருவி ஓர் இடத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறது. கடல் வேறோர் இடத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறது. இந்த இரண்டு தொடக்கங்களுக்கும் இடையிலுள்ள தொலைவை மனிதன் எப்படி அளந்தான், அளந்தது சரிதானா என்று தரையில் நின்று எப்படிச் சோதித்தான் என்பதே இக்கட்டுரையின் பொருள். கேட்பதற்கு வறட்சியான பொருள்தான். ஆனால் இதன் வழியில் ஒரு பாதிரியார், ஒரு நோயாளித் தளபதி, சென்னையில் நகைத்தொழில் செய்த ஓர் ஆர்க்காட்டுக்காரர், நட்சத்திரங்களைப் படம்பிடிக்கும் ஒரு தலைகீழ்க் காமிரா எல்லாம் வருகிறார்கள் என்பதால் வாசகர்கள் சற்றுப் பொறுமையுடன் உடன்வர வேண்டுகிறோம்.

முதலில் அந்த இரண்டு தொடக்கங்கள். செயற்கைக்கோள்கள் அறிந்த பூமி ஒரு கணித உருவம்; துருவங்களில் சற்றே தட்டையான, வழுவழுப்பான நீள்கோளம். அதற்கு மலையும் தெரியாது, மடுவும் தெரியாது. கடலும் ஆறும் வாய்க்காலும் அறிந்த பூமி வேறு. வீடு கட்டும் கொத்தனார் இரு மூலைகளுக்கு ஒரே மட்டம் குறிக்க, கண்ணாடிபோன்ற நீண்ட குழாயில் தண்ணீர் நிரப்பி இரு முனைகளையும் உயர்த்திப் பிடிப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். குழாய் எப்படி வளைந்து நெளிந்து கிடந்தாலும் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்தக் குழாயை நாட்டின் குறுக்கே, கண்டத்தின் குறுக்கே, உலகெங்கும் நீட்டியதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அலையும் காற்றும் நீரோட்டமும் இல்லாத கடலின் மட்டத்தோடு ஒத்து அதன் நீர் நிற்கும் இடங்களையெல்லாம் இணைத்தால் கிடைக்கும் பரப்புதான் ஜியாய்டு. 1828இல் காஸ் இதனைப் பூமியின் கணிதப் பரப்பு என்று விவரித்தார். 1873இல் லிஸ்டிங் பெயரிட்டார். (கணிதத்தில் 'டோபாலஜி' என்ற சொல்லை வழங்கியவரும் இதே லிஸ்டிங்தான். பெயர் வைப்பதில் கைராசிக்காரர் போலும்.)

இந்தப் பரப்பு வழுவழுப்பானது அல்ல. பூமிக்குள் பொருள் சமமாகப் பரவியிருக்கவில்லை. கனத்த பொருள் உள்ள இடம் நீரைத் தன்பால் இழுத்து மேடாக்கிக்கொள்கிறது, இலேசான இடம் பள்ளமாகிறது. உலகிலேயே மிக ஆழமான பள்ளம் நம் வாசலில்தான் இருக்கிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஜியாய்டு அந்தக் கணித உருவத்தைவிட 106 மீட்டர் தாழ்ந்து கிடக்கிறது. கப்பலில் போகிறவர் அதில் இறங்குவதையோ ஏறுவதையோ உணர மாட்டார். ஏனெனில் 'இறக்கம்' என்ற சொல்லின் பொருளையே வகுப்பது அந்தப் பரப்புதான். சென்னை அந்தப் பெரும் பள்ளத்தின் சரிவில் அமர்ந்திருக்கிறது. கடற்கரையில் 90 மீட்டர் குறைந்து காட்டுவதன் காரணம் இதுவே.

ஆகவே செயற்கைக்கோள் தரும் உயரத்திலிருந்து அவ்விடத்து ஜியாய்டின் உயரத்தைக் கழித்தால் நமக்குப் பழக்கமான கடல்மட்ட உயரம் கிடைத்துவிடும். கழித்தல் கணக்கு எளிது. ஆனால் கழிக்கும் எண்ணை யார் தருவது? ஜியாய்டை யாரும் பார்த்ததில்லை. நிலத்துக்கு அடியில் அது பாறைகளுக்குள்ளே ஓடுகிறது. ஈர்ப்பு விசை அளவுகளைக் கொண்டு கணக்கிட்டு மாதிரிகள் தயாரிக்கிறார்கள். கணக்கு பத்து சென்டிமீட்டர் பிசகினால் மலைநாட்டில் யாரும் கவலைப்பட மாட்டார்கள். கைப்பிடி உயரச் சரிவை நம்பி மைல்கணக்கில் தண்ணீர் நகரும் சமவெளியில், வெள்ளம் எந்தக் கரையில் ஏறும் என்பதை அந்தப் பத்து சென்டிமீட்டர்தான் தீர்மானிக்கிறது. கணக்கைச் சோதித்தே ஆகவேண்டும். அதுவும், கணக்குக்குள் போகாத வேறொரு சாட்சியைக் கொண்டு.

அந்த வேறொரு சாட்சியாக வரலாறு முதலில் அழைத்தது ஒரு நூலில் கட்டிய ஈயக்குண்டை.

தூக்குக்குண்டு நேராகக் கீழே தொங்குகிறது என்று நாம் நம்புகிறோம். உண்மையில் அது, அவ்விடத்து ஜியாய்டுக்குச் செங்குத்தாகத் தொங்குகிறது. அருகில் ஒரு மலை இருந்தால் குண்டு மயிரிழை அளவு மலையின் பக்கம் சாயும். 1738இல் பூகேர் தென்னமெரிக்காவின் சிம்போரசோ மலைச்சரிவில் கடுங்குளிரில் நின்று இதனை அளக்க முயன்றார். 1774இல் மாஸ்கலைன் ஸ்காட்லாந்தில் ஷிஹாலியன் மலையின் இருபுறமும் நட்சத்திரங்களைப் பார்த்து, மலை நூலை இழுப்பதை ஐயமின்றி நிறுவினார். இருபுறத்துச் சாய்வும் சேர்ந்து 11.6 விகலை. ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை. எனவே ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு. ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள கோலை ஒரு முனையில் 5 மில்லிமீட்டர் தூக்கினால் எவ்வளவு சாயுமோ அவ்வளவு. இந்த 5 மில்லிமீட்டரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

நூல் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை எப்படி அறிவது? சாய்ந்த நூலைச் சாயாத நூலோடு ஒப்பிட முடியாது. சாயாத நூல் என்று ஒன்று நம் கையில் இல்லை. இங்கேதான் நில அளவை நுழைகிறது. ஓரிடத்தின் அட்சரேகையை இரு வழிகளில் அறியலாம். தலைக்கு நேர்மேலே வரும் நட்சத்திரத்தைக் கொண்டு அறிவது ஒன்று. இதில் 'நேர்மேல்' என்பதைத் தூக்குநூல்தான் சொல்கிறது. எனவே நூலின் சாய்வு முழுவதும் விடையில் வந்து விழும். மற்றொன்று, தெரிந்த இடத்திலிருந்து முக்கோணம் முக்கோணமாகத் தரையை அளந்துகொண்டே வந்து, கணித உருவத்தின்மீது கணக்கிட்டு அறிவது. இதில் நூலின் சாய்வு ஏறக்குறைய நுழைவதே இல்லை. இரண்டு விடைகளும் ஒத்துவராவிட்டால், பிழை நீங்கிய பிறகு எஞ்சும் வேறுபாடே நூலின் சாய்வு. அதுவே அவ்விடத்து ஜியாய்டின் சரிவு.

இந்த இரு வழிகளும் வேறெங்கையும்விடப் பெரிய அளவில் மோதிக்கொண்டது இந்தியாவில். அந்த அளவை தொடங்கியது சென்னையில்.

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே ஏழரை மைல் நீளக் கோட்டை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். அந்தச் சங்கிலி சீனப் பேரரசருக்குப் பரிசாக மக்கார்ட்னி தூதுக்குழுவோடு சென்று, வேண்டாமென்று திரும்பிய ஒன்று. லாம்டனின் அரை டன் தியோடலைட்டும் அதே போலக் கதையுள்ள பொருள்; வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோய், இன்னதென்று அறிந்ததும் மரியாதையோடு திருப்பி அனுப்பினார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதியது. வேறொருவர் மனமுடைந்து லண்டனுக்குக் கடிதம் எழுதியிருப்பார். லாம்டன் வாரக்கணக்கில் அறையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்து, வளைந்த வட்டத்தைத் தம் கையாலேயே நிமிர்த்தினார்.

தென்னிந்தியாவிலேயே அவருக்கு ஒரு உறுத்தல் ஏற்பட்டது. கன்னியாகுமரி அருகிலிருந்து வடக்கே செல்லும் அளவையில் சில நிலையங்களின் நட்சத்திர அட்சரேகை தரையளவோடு ஒத்துவரவில்லை. அருகில் மலை இல்லாத இடத்திலும் இந்த வேறுபாடு. நிலத்தடியில் கனத்த பொருள் ஏதோ நூலை இழுக்கிறதோ என்று லாம்டன் ஐயுற்றார். ஐயுற்றதோடு நின்றது. அவர் 1823இல் ஹிங்கன்காட்டில், வேலையின் நடுவிலேயே இறந்தார். அவரிடமிருந்து பணி ஜார்ஜ் எவரஸ்ட் கைக்கு வந்தது.

எவரஸ்ட் கோபக்காரர், பாதி நாள் நோயில் கிடந்தவர். காட்டுக் காய்ச்சல் அவரை இளமையிலேயே பிடித்துக்கொண்டது. அவரோடு அலைந்த கலாசிகள், கொடிகாட்டிகள், சுமையாட்கள் எத்தனை பேர் அதே காய்ச்சலில் மாண்டார்கள் என்பதற்குப் பெயர்ப்பட்டியல் இல்லை. அளவையில் சில விகலை பிசகியதற்குப் பக்கம் பக்கமாகக் கணக்கு எழுதியவர்கள் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கவில்லை. பெயர் தெரிந்தவர்களில் இருவரைச் சொல்லியாக வேண்டும். 1831இல் கணக்கராகச் சேர்ந்த வங்காளி ராதாநாத் சிக்தார் ஒருவர். மற்றவர் சையத் மீர் மொஹ்சின் ஹுசைன். ஆர்க்காட்டைச் சேர்ந்தவர், சென்னையில் நகைத்தொழில் செய்துகொண்டிருந்தவர். எவரஸ்ட் தம் கருவிகளைச் செப்பனிடும் பொறுப்பை இங்கிலாந்திலிருந்து வந்த தொழில் வல்லுநரிடமிருந்து எடுத்து இவரிடம் ஒப்படைத்தார். விகலையில் பங்குகளை அளந்த வட்டங்கள் இவர் கை பட்டவை.

இனி அந்தப் புகழ்பெற்ற பிழை. மத்திய இந்தியாவில் சிரோஞ்ச் அருகே கலியான்பூர். வடக்கே முசாபர்நகர் அருகே கலியானா. இரண்டும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், சுமார் 600 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. மலை நூலை இழுக்கும் என்பது எவரஸ்டுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் மலையடிவார நிலையத்தைத் தவிர்த்து, இமயத்திலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் விலகிச் சமவெளியில் நிற்கும் கலியானாவை வட முனையாகக் கொண்டார். அவரும் ஆண்ட்ரூ வாவும் இரு முனைகளிலும் இருந்து ஒரே நட்சத்திரங்களை ஒரே இரவுகளில் பார்த்தார்கள். நட்சத்திரங்கள் சொன்ன இடைவெளி 5 பாகை 23 கலை 37.058 விகலை. முக்கோணங்கள் சொன்ன இடைவெளி 5 பாகை 23 கலை 42.294 விகலை. வேறுபாடு 5.236 விகலை. தரையில் சுமார் 160 மீட்டர்.

600 கிலோமீட்டரில் 160 மீட்டர் பெரிய விஷயமா என்று கேட்கலாம். இதற்கு எவரஸ்டின் சொந்த அளவைகளே பதில் சொல்கின்றன. டேராடூனில் ஏழரை மைல் அடிக்கோட்டை நேரடியாக அளந்தபோது கிடைத்த நீளத்துக்கும், சிரோஞ்ச் அடிக்கோட்டிலிருந்து முக்கோணங்கள் வழியே கணக்கிட்டு வந்த நீளத்துக்கும் வேறுபாடு ஏழு அங்குலம் சொச்சம்தான். அதே விகிதத்தில் 600 கிலோமீட்டருக்கும் பிழை சேர்ந்தது என்று தாராளமாக ஒப்புக்கொண்டாலும் பத்து மீட்டரைத் தாண்டாது. 160 மீட்டர் முக்கோணங்களின் தவறாக இருக்கவே முடியாது. ஆனாலும் எவரஸ்ட் அந்த எச்சத்தை அளவைப் பிழையாகவே கொண்டு, முக்கோணச் சங்கிலி நெடுகிலும் பகிர்ந்து கரைத்துவிட்டார்.

நாம் இங்கே எவரஸ்டைக் குறைசொல்ல வரவில்லை. பதினோரு ஆண்டு உழைப்பின் முடிவில் ஓர் எச்சம் மிஞ்சினால் அதைச் சங்கிலியில் பரப்பிச் சமன்செய்வது அன்றும் இன்றும் நில அளவையாளர்களின் ஒழுங்கான வழக்கம். வழக்கம் சரியானது, அவருக்குக் கிடைத்த எச்சம்தான் வழக்கத்துக்குள் அடங்காத ஒன்று. அதைக் கரைக்காமல் எடுத்துக் கையில் வைத்துப் பார்க்க, அளவைத் துறைக்கு வெளியிலிருந்து ஒருவர் வரவேண்டியிருந்தது.

வந்தவர் ஜான் ஹென்றி பிராட், கல்கத்தாவின் ஆர்ச்டீக்கன். கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்ற பாதிரியார். இமயமலையையும் அதற்கப்பால் உள்ள திபெத் பீடபூமியையும் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் தூக்குநூலை எவ்வளவு இழுக்கும் என்று கணக்கிட்டு 1855இல் வெளியிட்டார். கலியானாவில் 27.853 விகலை, கலியான்பூரில் 11.968 விகலை. வேறுபாடு 15.885. எவரஸ்டின் புதிர் 5.236 விகலைதான், பிராட்டின் விடையோ அதைப்போல் மூன்று மடங்கு. கொடுத்த கடனுக்கு மூன்று மடங்கு திரும்பி வந்தால் வணிகன் மகிழலாம், விஞ்ஞானி மகிழ முடியாது. பிராட் கணக்கை மீண்டும் மீண்டும் சரிபார்த்தார். கணக்கு சரியாகவே இருந்தது. அவ்வளவு பெரிய மலை, தான் இழுக்க வேண்டிய அளவில் மூன்றில் ஒரு பங்குதான் இழுத்தது.

லண்டனில் அரச வானியலாளராக இருந்த ஜார்ஜ் ஏரி சில வாரங்களிலேயே சில பக்கங்களில் பதில் எழுதினார். நீரில் மிதக்கும் மரக்கட்டைகளை எண்ணிப் பாருங்கள் என்றார். பக்கத்துக் கட்டைகளைவிட ஒரு கட்டை மேலே அதிகம் துருத்திக்கொண்டிருந்தால், அது கீழேயும் அதிகம் ஆழ்ந்திருக்கிறது என்று பொருள். மலைகளுக்கும் அப்படி வேர் உண்டு. கனத்த அடுக்குக்குள் இலேசான வேர் இறங்கியிருப்பதால் மலையின் இழுப்பு பெருமளவு ஈடுசெய்யப்படுகிறது. பிராட் இதனை ஏற்கவில்லை. 1859இல், மலைகள் உயரமாயிருக்கும் இடத்தில் அடியிலுள்ள பொருள் அடர்த்தி குறைந்தது என்று வேறு விளக்கம் தந்தார். இருவரும் பாதி சரி என்பது பின்னர் தெரிந்தது. 1889இல் டட்டன் இந்தச் சமநிலைக்கு 'ஐசோஸ்டசி' என்று பெயரிட்டார். கண்டங்கள் மிதக்கின்றன என்ற எண்ணம், முசாபர்நகர்ப் பக்கத்து ஒரு கிராமத்தில் ஐந்தே கால் விகலை ஒத்துவராமல் போனதிலிருந்து பிறந்தது. நில அளவையின் வரலாற்றில் இதைவிட இலாபமான பிழை வேறு இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

இதற்குப் பிந்தைய நூறாண்டைச் சுருக்கமாகக் கடக்கலாம். 1849இலேயே ஸ்டோக்ஸ், உலகெங்கும் ஈர்ப்பு விசையை அளந்துவிட்டால் ஜியாய்டின் உயரத்தைக் கணக்கிட்டுவிடலாம் என்று சூத்திரம் தந்திருந்தார். 'உலகெங்கும்' என்ற சொல்லில்தான் சிக்கல். ஊசல்களைச் சுமந்துகொண்டு இந்தியா முழுக்க ஈர்ப்பை அளந்த பசேவி 1871இல் லடாக்கின் உயர் சமவெளியில், ஊசலுக்குப் பக்கத்திலேயே உயிர்விட்டார். ஜெர்மனியில் ஹெல்மர்ட் வேறு வழி கூறினார். நூலின் சாய்வை நெருக்க நெருக்கமாக அளந்து, ஒவ்வொரு சாய்வையும் இடைத்தொலைவோடு பெருக்கிக் கூட்டிக்கொண்டே போனால் ஜியாய்டு எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்பது கிடைத்துவிடும். ஒரு விகலைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, 5 மில்லிமீட்டர். ஆனால் ஒரு நிலையத்தில் நட்சத்திரம் பார்க்க இரவுகள் பல ஆகும். தெளிவான வானம் வேண்டும். தேர்ந்த கண் வேண்டும். ஆகவே இந்த முறை பாடநூல்களில் மரியாதையோடு உறங்கியது.

பிறகு செயற்கைக்கோள்கள் வந்தன. 2002இல் ஏவிய கிரேஸ் இரட்டையும், 2009 முதல் 2013 வரை சுற்றிய கோசேயும் ஈர்ப்பை வானிலிருந்தே அளந்தன. 2008இல் வெளியான உலக மாதிரி ஒன்பது கிலோமீட்டர் நுணுக்கம் வரை இறங்கியது. சென்டிமீட்டர் துல்லியம் என்று பேசத் தொடங்கினார்கள். அப்போதுதான் பழைய கேள்வி திரும்பி வந்தது: அதை யார் சோதித்தது?

வழக்கமான சோதனை இதுதான். பழைய பெஞ்ச் மார்க் கல் ஒன்றின்மீது ஜி.பி.எஸ். வைத்து, அதன் உயரத்திலிருந்து ஏட்டிலுள்ள மட்ட உயரத்தைக் கழிப்பார்கள். மிஞ்சுவதை மாதிரி சொல்லும் ஜியாய்டோடு ஒப்பிடுவார்கள். மலிவான சோதனை; ஆனால் ஓட்டையானது. கல்லை மட்டம் பார்த்தது 1950களில், ஜி.பி.எஸ். வைத்தது 2000களில். நடுவில் நிலத்தடி நீரை உறிஞ்சியதில் கல் ஒரு சாண் இறங்கியிருக்கலாம். அதோடு, கண்டம் அளவில் மட்டம் பார்த்துக்கொண்டே போனால் சிறு பிழைகள் ஒரே பக்கம் சாய்ந்து குவியும். அமெரிக்காவின் 1988ஆம் ஆண்டு உயர அமைப்பு, தென்கிழக்கிலிருந்து வடமேற்குக்குள் ஏறத்தாழ ஒரு மீட்டர் சாய்ந்திருந்தது. கோணலான அளவுகோலை வைத்துக்கொண்டு சுவர் கோணல் என்று எப்படிச் சொல்வது?

அமெரிக்கத் தேசிய ஜியோடெடிக் சர்வே 2011இல் இதற்கென்றே ஒரு கோட்டைத் தேர்ந்தது. டெக்சஸில் ஆஸ்டினிலிருந்து கடலோர ராக்போர்ட் வரை 325 கிலோமீட்டர் சாலை. ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டருக்கு ஒன்றாக 218 குறிகள். வேண்டுமென்றே தாழ்ந்த, தட்டையான, சிக்கலற்ற நிலம். எளிய இடத்திலேயே மாதிரி தோற்றால் கடினமான இடத்துக்குப் போகவேண்டிய தேவையே இல்லை என்பது அவர்கள் நியாயம். ஒரே பருவத்தில், ஒரே குறிகளில், ஒன்றையொன்று சாராத முறைகளை வரிசையாக ஓட்டினார்கள்.

முதலாவது ஜி.பி.எஸ். இரண்டாவது லெவலிங், அதாவது இருநூறாண்டுப் பழமையான மட்ட அளவை. கருவியை நடுவில் வைத்து, பின்கோலையும் முன்கோலையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நடப்பது. இரு கோல்களும் சம தூரத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் பூமியின் வளைவும் வெப்பக்காற்றில் ஒளி வளைவதும் இரு பக்கமும் ஒன்றுபோல் வந்து கழிந்துபோகும். கோல்கள் வெயிலில் நீளாத இன்வார் உலோகப் பட்டை பொருத்தியவை. இப்படி 325 கிலோமீட்டரையும் அடிமேல் அடிவைத்துக் கடந்தார்கள். முனைக்கு முனை மதிப்பிட்ட பிழை 1.3 சென்டிமீட்டர். மனிதன் காலால் நடந்து கண்ணால் பார்த்துச் செய்யும் வேலையில் இதைவிட நேர்த்தியானது எதுவும் உண்டா என்று தெரியவில்லை.

மட்ட அளவையிலும் ஒரு சூது உண்டு. கருவியின் ரசமட்டமும் தூக்குநூலைப் போல அவ்விடத்து ஈர்ப்புக்குத்தான் கட்டுப்படும். உயரத்துக்கு உயரம் மட்டப்பரப்புகள் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பதில்லை. ஆகவே ஒரே மலையில் வடக்கு வழியாக ஏறினால் ஓர் உயரமும் தெற்கு வழியாக ஏறினால் வேறோர் உயரமும் வரும். இரண்டும் பிழையற்ற அளவைகளாகவே இருந்தாலும் வரும். இதைத் திருத்த, போகும் வழியெல்லாம் ஈர்ப்பையும் அளக்க வேண்டும். அது மூன்றாவது முறையாக நடந்தது.

நான்காவது, எவரஸ்டின் பழைய சாட்சியேதான். ஸ்விட்சர்லாந்தின் ஜூரிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து டயடெம் என்ற உச்சிக் காமிரா வந்தது. லென்சு நேர் மேலே பார்க்கும்படி நிற்கும் ஒரு தொலைநோக்கி; பின்னால் மின்னணுப் படத்தகடு; பக்கத்தில் நுண்சாய்வுமானிகள்; நேரத்துக்கும் இடத்துக்கும் ஜி.பி.எஸ். தலைக்கு மேலுள்ள நட்சத்திரங்களைப் படம்பிடித்து, அட்டவணையில் உள்ள இடங்களோடு ஒப்பிட்டு, 'இவ்விடத்துத் தூக்குநூல் வானில் எந்தப் புள்ளியைச் சுட்டுகிறது' என்று சொல்லிவிடும். எவரஸ்டும் வாவும் இரவுக்கணக்கில் கண்விழித்துச் செய்ததை ஒரே இரவில் பல குறிகளில் முடித்துவிடலாம். 216 குறிகளில் நூலின் சாய்வை 0.1 விகலைத் துல்லியத்தில் அளந்தார்கள். நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒன்றரைக் கிலோமீட்டருக்கு 0.1 விகலை என்றால் முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அத்தகைய 216 சிறு பிழைகள் ஒன்றுக்கொன்று தொடர்பின்றிச் சேர்ந்தால் அவற்றின் வர்க்கமூல மடங்கில், அதாவது ஏறக்குறைய பதினைந்து மடங்காகத்தான் வளரும். 325 கிலோமீட்டர் முடிவில் ஒரு சென்டிமீட்டர் அளவு. பகலெல்லாம் கோல்பிடித்து நடந்தவர்களும், இரவெல்லாம் வானைப் படம்பிடித்தவர்களும், ஒருவர் கணக்கை ஒருவர் தொடாமலே ஏறக்குறைய ஒரே துல்லியத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

கோட்டின் முழு உயரத்தையும் ஒப்பிடாமல், எந்த இரு குறிகளை எடுத்தாலும் அவற்றுக்கிடையே ஜியாய்டு எவ்வளவு சரிகிறது என்பதை மட்டும் ஒப்பிட்டதுதான் இச்சோதனையின் நுட்பம். கடல்மட்டத்தின் முழுப் பூஜ்யம் எங்கே என்ற முடிவற்ற வழக்கு இதனால் தள்ளிவைக்கப்பட்டது. அரைக் கிலோமீட்டரில் தொடங்கி 325 கிலோமீட்டர் வரை எல்லாத் தொலைவுகளிலும் பார்த்தார்கள். தரையில் ஏற்கெனவே எடுத்திருந்த ஈர்ப்பு அளவுகளையும் செயற்கைக்கோள்களையும் கொண்டு செய்த மாதிரிகள் 1 முதல் 3 சென்டிமீட்டர் வரை பிசகின. 11 கிலோமீட்டர் உயரத்தில் விமானத்தில் பறந்து எடுத்த ஈர்ப்பு அளவுகளைச் சேர்த்ததும் பிசகு ஏறக்குறைய எல்லாத் தொலைவிலும் ஒரு சென்டிமீட்டருக்கு இறங்கியது. விமான அளவைக்குச் செலவிட்ட பணம் வீணா என்று கேட்டவர்களுக்கு அந்தச் சாலை பதில் சொன்னது.

அதன்பின் 2014இல் அயோவா. நிலம் தட்டைதான், ஆனால் அடியில் நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டம் பிளக்கத் தொடங்கிப் பாதியில் நின்ற பிளவு ஒன்று, கனத்த எரிமலைப் பாறை நிரம்பிக் கிடக்கிறது. லாம்டன் தென்னிந்தியாவில் ஐயுற்றது போன்ற, கண்ணுக்குத் தெரியாத இழுப்பு. 2017இல் கொலராடோ, இம்முறை மலை. டுராங்கோவிலிருந்து வால்சன்பர்க் வரை சுமார் 360 கிலோமீட்டர், 3,000 மீட்டரைத் தாண்டும் கணவாய் வழியாக. மட்டம் பார்ப்பவர்கள் ஏற்றத்தில் கோல்களை மிக நெருக்கமாக வைக்க வேண்டியிருக்கும். ஒரு நாள் நடை பாதியாகக் குறையும். அளந்தவற்றை உடனே வெளியிடாமல், அதே நிலப்பகுதியின் ஈர்ப்பு அளவுகளை மட்டும் உலகின் பல குழுக்களுக்குக் கொடுத்து, 'நீங்கள் உங்கள் முறையில் ஜியாய்டைக் கணக்கிட்டு அனுப்புங்கள், பிறகு தரையோடு ஒப்பிடுவோம்' என்றார்கள். விடைத்தாளை மூடிவைத்து நடத்திய தேர்வு. பதினான்கு விடைகள் வந்தன. எல்லோர் கையிலும் ஒரே ஈர்ப்பு அளவுகள். சூத்திரங்களும் ஸ்டோக்சின் வழிவந்தவைதாம். ஆயினும் மலையின் மேல் விடைகள் தமக்குள் சில சென்டிமீட்டர் வேறுபட்டன. தரையோடும் சில சென்டிமீட்டர் வேறுபட்டன. அந்த வேறுபாட்டில் எவ்வளவு மலைப்பாறையின் அடர்த்தியைத் தோராயமாகக் கொண்டதால் வந்தது, எவ்வளவு சூத்திரத்தால் வந்தது என்று பிரித்தெடுக்கும் வேலையில் கட்டுரைகள் பல எழுதப்பட்டன. இம்முறை எச்சத்தை யாரும் முக்கோணங்களில் கரைக்கவில்லை. குறிக்குக் குறி வரைபடமாக அச்சிட்டே வெளியிட்டார்கள்.